எடை குறைந்த பிறகும் கால் வீக்கம்: குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

உடல் பருமனைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை நம் ஊர்ப் பக்கங்களிலும் கூடிவருகிறது. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் இருந்து மதுரைக்கோ சென்னைக்கோ கோவைக்கோ சென்று சிகிச்சை முடித்துத் திரும்புகிறார்கள். நகையை விற்றும் வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் பணம் வாங்கியும் செய்துகொண்டவர்களும் உண்டு. சில மாதங்களில் எடை இறங்குகிறது. சர்க்கரை மாத்திரை குறைகிறது. மூச்சு வாங்காமல் படியேற முடிகிறது. ஆனால் சிலருக்குக் கால் வீக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. வேறு சிலருக்கு முன்பு இல்லாத வீக்கம் புதிதாக வருகிறது.

"இவ்வளவு செலவு செய்தும் பலனில்லையா?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நோயாளியோ வாய்விட்டுச் சொல்லாமல் காலைப் புடவைக்குள்ளும் கைலிக்குள்ளும் மறைத்துக்கொள்கிறார். இந்த மறைப்புதான் ஆபத்து. கால் வீக்கம் என்பது ஒரே நோய் அல்ல. சில வகை வீக்கத்துக்கு அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சில வகை, சாப்பாட்டைச் சரிசெய்தால் வடியும். சில வகையோடு வாழ்நாள் முழுவதும் பழகிக்கொள்ள வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள உதவுவதே இந்தக் கட்டுரை.

நிணநீர் வீக்கம் என்றால் என்ன?

இரத்தக் குழாய்களில் இருந்து கசியும் நீரில் ஒரு பகுதியும் அதோடு சேர்ந்த புரதமும் நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் மீண்டும் இரத்தத்தில் சேர்கின்றன. வயலில் மிஞ்சும் நீரை வடிக்கும் வடிகால் போன்றது இந்த அமைப்பு. வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவது போல, நிணநீர்க் குழாய் பழுதானால் காலில் நீர் தேங்கும். லிம்பெடிமா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும்; இரவு படுத்து எழுந்தால் வீக்கம் குறைந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் தேங்கிய நீரில் கொழுப்பும் நார்த்திசுவும் வளர்ந்து கால் கெட்டியாகும். பிறகு அழுத்தினாலும் குழி விழாது. தோல் தடித்து, சொரசொரப்பாகி, மடிப்புகள் உண்டாகும்.

பருமனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் ஊரில் கால் வீங்கினாலே யானைக்கால் என்று சொல்லிவிடுவது வழக்கம். யானைக்கால் நோய் கியூலெக்ஸ் கொசு பரப்பும் புழுவால் வருவது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் ஒரு காலத்தில் பரவலாக இருந்து, கூட்டு மருந்து வழங்கும் திட்டங்களால் பெரிதும் குறைக்கப்பட்டது. இலங்கையில் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது.

ஆனால் கொசுவோ புழுவோ இல்லாமல், பருமனாலேயே நிணநீர்க் குழாய்கள் பழுதாகலாம். அமெரிக்காவின் பாஸ்டனில் அரின் கிரீன் என்ற மருத்துவரின் குழு 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கால் பெருத்திருந்த 15 பருமனானவர்களுக்கு நிணநீர் ஓட்டத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் பி.எம்.ஐ. அளவு 59-க்கு மேல் இருந்த 5 பேருக்கும் ஓட்டம் பழுதாகியிருந்தது. 54-க்குக் கீழே இருந்த 10 பேருக்கும் ஓட்டம் சரியாக இருந்தது. மிக அதிகமான எடை நிணநீர் வடிகாலையே கெடுத்துவிடும் என்பது இதிலிருந்து தெரிந்தது.

அதே குழு பின்னர் மற்றொன்றையும் பதிவு செய்தது. அறுவை சிகிச்சையால் எடை வெகுவாகக் குறைந்த பின்னும் ஒருவரின் நிணநீர் ஓட்டம் சீராகவில்லை. எடை குறைந்தால் பலருக்கு வீக்கம் குறைகிறது. கிருமித் தொற்றும் குறைகிறது. ஆனால் பல்லாண்டுகள் அழுத்தப்பட்டுச் சிதைந்த குழாய்கள் எல்லோருக்கும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே வீக்கம் மிஞ்சியிருப்பதை வைத்து அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்றோ, நோயாளி வாயைக் கட்டவில்லை என்றோ முடிவு கட்டுவது நியாயமல்ல.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

கீழ்க்கண்ட மூன்றையும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

1. ஒரு கால் மட்டும் திடீரென வீங்குதல். கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு அல்லது நிறமாற்றம் இருந்தால், காலின் ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மாதத்தில், அதிலும் வீடு திரும்பிய பின், இது வரும் வாய்ப்பு அதிகம். உறைந்த கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் இரத்தம் வந்தால் 108-ஐ அழையுங்கள். இத்தகைய காலை எண்ணெய் தேய்த்து நீவி விடவே கூடாது.

2. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், கால் சிவந்து சூடாகிப் பரவுதல். தொடை இடுக்கில் நெறி கட்டுவதும் உண்டு. இது தோலுக்கு அடியில் ஏற்படும் கிருமித் தொற்று. நிணநீர் வீக்கம் உள்ள காலில் சிறு கீறலில் இருந்தே தொடங்கும். சில மணி நேரத்தில் பரவக்கூடியது. ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை இந்தத் தொற்று வரும்போதும் நிணநீர்க் குழாய்கள் மேலும் கெடும். ஆகவே பச்சிலைப் பத்து போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

3. பல நாள் வாந்திக்குப் பின் இரு கால்களும் வீங்குதல். கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், மூச்சு வாங்குதல் இருந்தால் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைபாடாக இருக்கலாம். உடலில் இதன் இருப்பு சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். தாமதித்தால் மூளையும் இதயமும் பாதிக்கப்படும். பக்கத்து மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் முன், "இவருக்கு இரைப்பை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, தொடர்ந்து வாந்தி எடுக்கிறார்" என்று கட்டாயம் சொல்லுங்கள். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கலாம்.

மற்ற காரணங்கள்

புரதக் குறைவு: அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பாட்டின் அளவு மிகக் குறைந்துவிடும். குடல் மாற்றுப்பாதை வகைச் சிகிச்சையில் உண்பது முழுமையாக உறிஞ்சப்படுவதும் இல்லை. இரத்தத்தில் ஆல்புமின் குறைந்தால் இரு கால்களிலும் குழி விழும் வீக்கம் வரும். முடி உதிர்தலும் அசதியும் சேர்ந்து வரலாம்.

மருந்துகள்: இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், சர்க்கரைக்கான பியோகிளிட்டசோன், நரம்பு வலிக்கான பிரிகாபலின் ஆகியவை கால் வீக்கம் தரக்கூடியவை. எடை குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தாமல், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதை அறவே விடுங்கள். அவை வீக்கம் தருவதோடு, அறுவை செய்த இரைப்பையில் புண்ணையும் உண்டாக்கும்.

நரம்புச் சுருட்டு: வெரிகோஸ் உள்ளவர்களுக்கு மாலையில் கணுக்கால் வீங்கும். நூற்பாலைகளில் ஷிஃப்ட் முழுவதும் நின்று வேலை செய்வோருக்கும் அடுப்படியில் நாள் முழுதும் நிற்போருக்கும் இது அதிகம்.

லிப்பெடிமா: இது பெரும்பாலும் பெண்களுக்கு வருவது. இடுப்பில் இருந்து கணுக்கால் வரை இரு கால்களும் ஒரே மாதிரி பருத்திருக்கும். பாதம் மட்டும் மெலிந்திருக்கும். தொட்டால் வலிக்கும், எளிதில் கன்றிப்போகும். மேலுடம்பு மெலிந்த பிறகும் கால் மெலியாது. இதைச் சாப்பாட்டுக் குற்றமாகப் பேசிப் பெண்களை நோகடிக்க வேண்டாம்.

இவை தவிர இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளாலும் கால் வீங்கும். ஆகவே முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். இரத்த ஆல்புமின், சிறுநீரில் புரதம், தைராய்டு, எக்கோ, காலுக்கு டாப்ளர் ஸ்கேன் ஆகியவை வழக்கமான சோதனைகள். யானைக்கால் சந்தேகம் இருந்தால் அதற்கு இரவில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளி எடுக்க முடிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். கிள்ள வராவிட்டால் நிணநீர் வீக்கத்துக்கு அது ஓர் அடையாளம்.

சிகிச்சையின் நான்கு தூண்கள்

நிணநீர் வீக்கத்தை ஒரு மாத்திரையில் கரைக்க முடியாது. நீர் மாத்திரை கேட்டு வாங்குவோர் பலர். வீக்கம் நிணநீரால் மட்டுமே என்றால் அதனால் நிலையான பலன் இல்லை. குறைவாக நீர் அருந்தும் நிலையில் உள்ள அறுவை சிகிச்சை நோயாளிக்கு அது உடல் வறட்சியையும் தரும். பலன் தருவது தினசரிப் பராமரிப்புதான்.

முதலாவது, தோல் சுத்தம். தினமும் சோப்பும் சாதாரண நீரும் கொண்டு கால், விரலிடுக்கு, தோல் மடிப்பு எல்லாம் கழுவ வேண்டும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சைக்கான களிம்பு போட வேண்டும். கிருமி நுழையும் வாசலே அந்தப் புண்தான். வயலிலும் தென்னந்தோப்பிலும் இறங்குவோர் வெறுங்காலோடு போகக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டக் கூடாது.

இரண்டாவது, நிணநீர் வடிப்புத் தடவல். இது அழுத்தி நீவுவது அல்ல. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் மேலிருந்து தொடங்கி, தோலை மட்டும் நகர்த்தும் அளவுக்கு மெல்லத் தடவுவார். அவரிடம் கற்றுக்கொண்டால் வீட்டில் செய்யலாம்.

மூன்றாவது, அழுத்தக் கட்டும் அழுத்தக் காலுறையும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடு முழுவதும் போகிறது. ஆனால் புண்ணுக்குக் கட்டும் அந்தத் துணி வேறு, நிணநீர் வீக்கத்துக்குக் கட்டும் குறைந்த இழுவை கொண்ட பேண்டேஜ் வேறு. கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜை மேலே இறுக்கமாகவும் கீழே தளர்வாகவும் சுற்றினால் வீக்கம் கூடவே செய்யும். முதலில் பல அடுக்குக் கட்டுப் போட்டு வீக்கத்தை வடித்து, பின் அளவெடுத்துக் காலுறை வாங்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் அணிந்து, பொதுவாக இரவில் கழற்ற வேண்டும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்து அணியலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிது தேவைப்படும். எடை குறையக் குறைய அளவும் மாறும். பழைய காலுறை தொளதொளத்துவிட்டால் அணிந்தும் பயனில்லை.

சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் காலில் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அழுத்தக் காலுறை அணிய வேண்டும். இதயம் பலவீனமானவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

நான்காவது, அசைவு. கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், நடத்தல், ஆழ்ந்து மூச்சிழுத்தல் ஆகியவை நிணநீரை மேலே தள்ளும். காலுறை அணிந்தபடி செய்தால் பலன் கூடும். உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஸ்டூலில் வையுங்கள்.

கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைடு டெர்மட்டாலஜி, தோல் பராமரிப்பு, அழுத்தக் கட்டு ஆகியவற்றோடு யோகா, மூச்சுப் பயிற்சி, ஆயுர்வேதம் ஆகியவற்றையும் இணைத்து நிணநீர் வீக்க நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது. நோயாளியும் உடன் வரும் உறவினரும் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வதே அங்கும் அடிப்படை. நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கும் நுண் அறுவை சிகிச்சைகளும் பெரிய நகரங்களில் உண்டு. பெரும்பாலோருக்கு அதன் பிறகும் காலுறை தேவைப்படும்.

உணவு

அறுவை சிகிச்சைக்குப் பின் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான ஆலோசனை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், 100 கிராம் சமைத்த கோழியில் சுமார் 25 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் உண்டு. தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, கடைசியில் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கால் சூப் காலுக்குப் பலம் என்று கொடுப்பார்கள். அதில் உள்ள ஜெலட்டின் முழுமையான புரதம் அல்ல. அதையே புரதக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், இடைவெளிகளில் சிறிது சிறிதாக அருந்த வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பு நீரைத் தேக்கும். விருந்தாளி கொண்டுவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போன்ற இனிப்பு சிலருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு உண்டாக்கும். "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும்.

உளு, தொழுகை, நோன்பு

நாளுக்கு ஐந்து முறை கால் கழுவுவது நோயாளிக்கு நன்மையே. ஆனால் கழுவிய ஈரத்தோடு விட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். பள்ளிவாசலுக்குப் போகும்போது சிறு துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். உளு செய்யும் இடத்தில் பொதுச் செருப்பைப் போடாமல் சொந்தச் செருப்பைப் பயன்படுத்துங்கள். பல அடுக்குக் கட்டுப் போட்டிருக்கும் நாட்களில் அதை அவிழ்க்காமல் மஸ்ஹு செய்வதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. காலுறைக்கும் கட்டுக்கும் சட்டம் ஒன்றல்ல என்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் நிலைமையை விளக்கிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் நிற்கவோ கால் மடக்கி உட்காரவோ இயலாதவர் நாற்காலியில் தொழலாம். நாற்காலியில் தொழுபவரை ஏளனமாகப் பார்ப்பது கூடாது. தராவீஹில் இடையிடையே உட்கார்ந்துகொள்வதில் தவறில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் 12 முதல் 18 மாதங்கள் வரை நோன்பைத் தவிர்க்கும்படி பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் நீர் குடிக்க முடியாத இரைப்பைக்கு, இஃப்தாரில் இருந்து ஸஹர் வரை உள்ள நேரத்தில் தேவையான நீரும் புரதமும் சேர்வது கடினம். உடல் வறண்டால் இரத்த உறைவு அபாயமும் கூடும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை வீட்டார் மறுக்கலாகாது. பின்னர் நோன்பு வைக்கும்போதும், பெரும்பாலும் அரிசியே உள்ள நோன்புக் கஞ்சியால் வயிற்றை நிரப்பிவிடாமல் முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள்.

உம்ரா, ஹஜ் பயணம் போவோர் விமானத்தில் காலுறை அணிந்து, மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். தொற்று அடிக்கடி வருபவர் மருத்துவரிடம் கேட்டு ஆன்டிபயாடிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

உள்ளூரில் கிடைக்கும் உதவி

காய்ச்சல், தொற்று, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் அரசு மருத்துவமனைகளை அணுகலாம். 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் மேல்சிகிச்சைக்கு உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. நடமாட முடியாதவர்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் பதிவு செய்யலாம். ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டு. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண் இருக்கிறது.

வீட்டில் ஒரு நோட்டு

வாரம் ஒரு நாள், காலையில் எழுந்தவுடன், தையல் டேப்பால் இரு கால்களையும் அளந்து எழுதுங்கள். பாதத்தின் நடு, கணுக்கால், அதற்கு மேல் 10, 20, 30 செ.மீ. என்று ஒரே இடங்களில் அளக்க வேண்டும். இரு கால்களுக்கும் இடையே 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலும், ஒரு வாரத்தில் அளவு திடீரெனக் கூடினாலும் மருத்துவரைப் பாருங்கள். இனி அறுவை சிகிச்சைக்குப் போகவிருப்பவர்கள் இந்த அளவை முன்னதாகவே எடுத்து, "என் காலில் நிணநீர் வீக்கம் இருக்கிறதா? எடை குறைந்தால் இது எவ்வளவு குறையும்?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். முன்பே தெரிந்திருந்தால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

நிணநீர் வீக்கத்தோடு வேலைக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், பிள்ளைகளை வளர்க்கலாம். காலையில் காலுறையை இழுத்து மாட்ட ஒரு கை வேண்டும். குனிய முடியாத நாளில் பாதம் துடைக்க ஒருவர் வேண்டும். அந்த உதவியைக் கணவனோ மனைவியோ மகனோ மருமகளோ முகம் சுளிக்காமல் செய்தால், பாதி மருத்துவம் வீட்டிலேயே நடந்துவிடும். அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் நலம் அளிப்பானாக.